நாத்தனார ஒத்துக்கலேன்னா பத்து மார்க்கு

போன ஞாயித்துக்கெழம எங்க வீட்டு அடுப்படியில ஒரு பரீட்சை நடந்துச்சு. எழுதுனது எம் மருமக. மாட்டுனது நானு.

இந்தப் பத்திரிகையில வாராவாரம் எங் கதயப் படிக்கிற நீங்க கேப்பீக... 'அப்பத்தா, அஞ்சாப்பே முழுசா முடிக்காத ஒங்களுக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்?'னு. அதத்தான் நானும் ஒரு வாரமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். பதில் சொல்லத்தான் ஆளக் காணோம்.

வெவரமாச் சொல்றேன். எம் மருமக செல்விக்கு நாப்பது வயசு ஆகப் போகுது. காரைக்குடியில ஒரு நர்சரி பள்ளிக்கூடத்துல யூகேஜி டீச்சரு. பன்னெண்டு வருசமா அங்கதான். அவ கையில 'ஏ பி சி டி' படிச்ச புள்ளைக இப்ப மீசையோட வந்து வணக்கம் சொல்லுதுக. அப்பேர்ப்பட்டவளக் கூப்பிட்டு, 'டிகிரி இல்லாதவுகளுக்கு ஜூன்ல இருந்து கிளாஸ் குடுக்க முடியாது. படிச்சுக்கிட்டு இருக்கோம்னு காட்டுறதுக்காவது ஏதாச்சும் கொண்டாங்க'ன்னு சொல்லிட்டாக.

பாவம், என்னா செய்வா? வீட்டுல இருந்தே போன்ல படிக்கிற பி.ஏ. இங்கிலீஷுல சேந்தா.

சேந்த மூணாம் நாளு எம் மக பூங்கொடிகிட்ட இருந்து போனு. அவளச் சாக்கோட்டையில கட்டிக் குடுத்துருக்கோம்.

"யம்மா, நானும் சேந்துட்டேன். அதே காலேஜு, அதே கிளாஸு."

"ஒனக்கு எதுக்குடி டிகிரி? ஒம் புருசன் சிமெண்டுக் கடையில ஒக்காரணும்னா பி.ஏ. வேணும்னு கேட்டாரா?"

"மதினி மட்டும் படிக்கலாம். நான் படிக்கக் கூடாதா?"

இதுக்கு என்னான்னு பதில் சொல்றது? நீங்க சொல்லுங்க.

ஆக, நாத்தனாரும் மதினியும் ஒரே கிளாஸு. நல்ல வேள, ஒரே பெஞ்சுல ஒக்கார வேண்டியது இல்ல, அவ அங்குட்டு, இவ இங்குட்டுன்னு நான் நிம்மதியா இருந்தேன். பெஞ்சுக்குப் பதிலா வேற ஒண்ணு வச்சுருந்தாக. டிஸ்கஷன்!

அது என்னா எழவுன்னா... மேடம் ஒரு பாடம் குடுப்பாக. அதுல ஒரு கேள்வி கேப்பாக. பொதங்கெழமைக்குள்ள ஆளாளுக்குப் பதில் எழுதிப் போன்ல போடணும். கிளாஸுல இருக்க நாப்பது பேரும் அதப் பாப்பாக. அப்பறம் ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆறு மணிக்குள்ள, வேற ரெண்டு பேரு எழுதுனதுக்குக் கீழ நம்ம போயி நம்ம கருத்த எழுதணும். எல்லாத்துக்கும் மார்க்கு.

மொத வாரம். திண்டுக்கல்காரரு ஒருத்தரு செல்வி எழுதுனதுக்குக் கீழ வந்து 'சூப்பர் சிஸ்டர்'னு போட்டாரு. வந்தவருக்குத் திருப்பிப் போகலேன்னா மரியாதையா இருக்குமா? செல்வி அவருக்குப் போயி 'வெரி நைஸ் பிரதர்'னு போட்டா. அவரு சம்சாரமும் அதே கிளாஸாம். அவுகளுக்கும் போனா. ஒருத்தரு 'சாப்டீங்களா'ன்னு வேற கேட்டுருந்தாரு.

நானும் பக்கத்துல ஒக்காந்து ஞாபகப்படுத்திக்கிட்டே இருந்தேன். "அந்தத் தேவகோட்டைப் புள்ள ஒனக்கு வந்தாளே, அவளுக்குப் போயிட்டியாடி?" நம்ம வீட்டு விசேசத்துக்கு வந்தவுக வீட்டு விசேசத்துக்கு நம்ம போகாம இருந்தா நாலு பேரு என்னா சொல்லுவாக? செய்முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?

ரெண்டாவது வாரமும் இப்புடித்தான். மொத்தக் கிளாஸும் ஒருத்தருக்கு ஒருத்தரு போயி வந்துக்கிட்டு, வாழ்த்துச் சொல்லிக்கிட்டு... பாக்கவே நெறைவா இருந்துச்சு.

மேடம் எல்லாருக்கும் சைபர் போட்டுட்டாக.

ரெண்டு வாரத்துக்கும்!

அதோட விட்டாகளா? பேசி ஒண்ணு அனுப்பியிருந்தாக. செல்வி போன உப்பு ஜாடியில சாச்சு வச்சு ஓட விட்டா. சின்ன வயசுக் கொரலு. மெட்ராஸ் பக்கம் போல.

"இது கல்யாண வீடு இல்ல, கிளாஸ். யாரும் யாரையும் வாழ்த்த வேணாம். அவங்க எழுதுனதுல நீங்க ஒத்துக்காத ஒரு விஷயத்த எடுத்து, ஏன் ஒத்துக்கலன்னு நூத்தைம்பது வார்த்தையில எழுதுங்க. ஆதாரம் வேணும். மரியாதை வேணும். ஒருத்தருக்குக் கீழ ரெண்டு பேருக்கு மேல எழுதக் கூடாது. மூணாவது தடவையும் சைபர் வாங்குறவங்க செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ஒத்துக்கலேன்னும் சொல்லணுமாம், மரியாதையாவும் சொல்லணுமாம். ரெண்டும் ஒரே வாயில இருந்து எப்புடித்தான் வரும்?

நம்ம பக்கம் ஒத்துக்கலேன்னா அதுக்குன்னு ஒரு மொறை இருக்கு. மொகத்துக்கு நேரா 'அதுக்கென்ன, நல்லதுதான்'னு சொல்லுவோம். வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லுவோம். ரொம்பவும் ஒத்துக்கலேன்னா... பேச்ச நிறுத்திருவோம். அம்புட்டுத்தான். இதுல ஆதாரம் எங்க வருது?

எங்க வீட்டுலயே நடந்துருக்கு. எம் பேத்திக்குக் காது குத்துனப்ப, மொதப் பந்தியில செல்வி பள்ளிக்கூடத்து டீச்சருமாரெல்லாம் ஒக்காந்துட்டாக. பூங்கொடி மாமியா வீட்டு ஆளுக நின்னுக்கிட்டு இருந்தாக. பூங்கொடி வந்து, 'மதினி, இவுகள எந்திரிக்கச் சொல்லுங்க'ன்னா. செல்வி, 'எல போட்டாச்சு பூங்கொடி, எப்புடி எந்திரிக்கச் சொல்றது?'ன்னா. அவ சொன்னது அந்த ஒரே ஒரு வார்த்தைதான். நாத்தனார எதுத்து, ஊரு பாக்க, பந்தியில ஒரு வார்த்தை!

எட்டு மாசம் பேச்சு இல்ல. பூங்கொடி போன் பண்ணுனா எனக்குத்தான் பண்ணுவா. செல்வி எடுத்தா வச்சுருவா. ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து நான் பட்ட பாடு இருக்கே... அந்த எட்டு மாசத்துலதான் எனக்குச் சர்க்கரையே வந்துச்சு. டாக்டரு வேற காரணம் சொல்றாரு. நான் ஒத்துக்கல.

இப்ப மூணாவது வாரத்துக்கு வாங்க. பாடம் ஒரு கத. பெரிய வீடு, கானாடுகாத்தான்ல பூட்டிக் கெடக்கே, அந்த மாதிரின்னு வச்சுக்கங்க. அதுல ஒரு கெழவி. கூட இருக்குறது மருமக. அவ அதிகம் பேச மாட்டா. மக எங்கிட்டோ வெளிநாட்டுல. தெனம் போன் பண்ணி மணிக்கணக்குல பேசுவா. கெழவிக்கு ஒடம்புக்கு முடியாமப் போகுது. கத முடிஞ்சது.

கேள்வி என்னா தெரியுமா? கெழவி மேல யாருக்குப் பாசம் அதிகம்? மகளுக்கா, மருமகளுக்கா?

இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா? இங்கிலீஷ் படிக்க வந்தவளுககிட்ட இங்கிலீஷக் கேளுங்க. அத விட்டுட்டு, நல்லா இருக்குற வீட்டுக்குள்ள கல்ல எறியுறதுக்கு ஒரு பாடமா? அதுக்கு மார்க்கு வேறயா?

செல்வி பொழைக்கத் தெரிஞ்சவ. 'ரெண்டு பேருக்கும் சமம்'னு எழுதிப் போட்டுட்டா. பூங்கொடி எழுதுனத எனக்குத் தமிழ்ல சொன்னா. 'மகளுக்குத்தான் பாசம் அதிகம். நான் தெனம் பதினோரு மணிக்கு எங்க அம்மாகிட்டப் பேசுறேன். அவுக கொரல வச்சே ஒடம்பு எப்புடி இருக்குன்னு சொல்லிருவேன். வேற யாரு சொல்லிருவா?'ன்னு இன்னும் என்னென்னமோ. அழுதுக்கிட்டேதான் எழுதியிருப்பா. கேட்ட நானே மூக்க உறிஞ்சுனேன்.

சனிக்கெழம செல்விக்குப் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. இருவது புள்ளைகளுக்கு முயல் காது ஒட்டி, அதுல ரெண்டு முயலு மேடையில அழுது, ஒரு முயலு மேடையிலயே ஒண்ணுக்குப் போயி... வீட்டுக்கு வந்து அப்புடியே படுத்துட்டா. ஞாயித்துக்கெழம சாயந்தரம் நாலு மணிக்குத்தான் போனத் தொறந்தா. தேவகோட்டைப் புள்ளைக்குக் கீழ ஒரு எடம் காலியா இருந்துச்சு. அத எழுதிட்டா. அப்பறம் மொகம் வெளுத்துப் போச்சு.

"அத்தே, மத்த எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு பேரு எழுதிட்டாக. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"யாருதுடி?"

அவ என்னையவே பாத்தா.

"பூங்கொடிதா?"

"ஒருத்தருமே எழுதல அத்தே."

எப்புடி எழுதுவாக? அழுகுற பொம்பளகிட்டப் போயி 'தாயி, ஒன்னைய நான் ஒத்துக்கல'ன்னு எவன் சொல்லுவான்? அம்புட்டுப் பேரும் எட்டி நின்னுட்டாக.

எம் மகன் அங்குட்டு ஒக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தான். ஒருத்தி பொண்டாட்டி, ஒருத்தி தங்கச்சி. "ஏப்பா, நீ என்னா சொல்ற?"ன்னேன். "வயல்ல மோட்டாரு ஓடிக்கிட்டு இருக்கு, பாத்துட்டு வாரேன்"னு எந்திரிச்சுப் போயிட்டான். அன்னைக்குக் காலையில இருந்து கரண்டே இல்ல. எந்த மோட்டாரு ஓடுச்சோ!

"நான் எழுதல அத்தே"ன்னா செல்வி. "பரீட்சை போனாப் போகுது. மறுபடியும் பேச்சு நின்னுச்சுன்னா ஒங்களுக்குத்தான் கஷ்டம்."

"ஜூன்ல பள்ளிக்கூடத்துக்கு என்னத்தடி கொண்டு போயிக் காட்டுவ?"

அவ வெரல் நகத்தப் பிச்சுக்கிட்டு ஒக்காந்துருந்தா. பன்னெண்டு வருசமா அடுத்தவுக புள்ளைகளுக்கு மூக்குத் தொடச்சு விட்டவ. எனக்குப் பொறுக்கல.

"எழுதுடி. அவ கோச்சுக்கிட்டா நான் பாத்துக்கிறேன்"ன்னேன்.

இந்த வாய வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்துருக்கலாம்.

"ஆதாரம் வேணுமே அத்தே. போன்ல பேசுறவுகளுக்குத் தெரியாதது, கூட இருக்குறவுகளுக்குத் தெரியும்னு காட்டணும்."

ஆதாரமா? எனக்கு உற்சாகம் வந்துருச்சு. நம்மளால ஒருத்தி பாஸாகப் போறான்னா சும்மாவா? "எழுதிக்க. அவ போன் பண்ணுனா நான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவேன். ஒன்னையத்தான் வைவேன். எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் வைவேன். எழுதிட்டியா? அப்பறம் தை மாசம் பாத்ரூம்ல விழுந்தேன்ல? காலு வீங்கி மூணு வாரம் நடமாட்டம் இல்லாமக் கெடந்தேன்ல? நீதானே தூக்கி விட்ட? அத எழுது, நல்ல ஆதாரம்."

செல்வி கை நின்னுச்சு. "அத எழுதவா அத்தே?"

"எழுதுன்னா எழுது. மணி அஞ்சே முக்காலு."

அவ எதுக்கு அப்புடிக் கேட்டான்னு அப்ப எனக்கு ஒறைக்கல.

எழுதி முடிச்சு எனக்குத் தமிழ்ல சொன்னா. 'ஒங்க பாசத்த மதிக்கிறேன். ஆனா கொரல வச்சே சொல்லிருவேன்னு நீங்க எழுதுனத மட்டும் ஒத்துக்க முடியல. அவுக ஒங்களுக்கு நல்ல கொரல மட்டும்தான் குடுக்குறாக. வலிய எனக்குத் திட்டாக் குடுக்குறாக. "நல்லாத்தான் இருக்கேன்"னு அவுக போன்ல சொல்றப்ப, வீங்குன காலுக்குக் கீழ தலகாணிய வச்சுக்கிட்டு நான் பக்கத்துல நிக்கிறேன்.'

"நல்லாத்தான்டி எழுதியிருக்க"ன்னேன். ஆறு மணிக்கு மூணு நிமிசம் இருக்கு. அமுக்குனா. போயிருச்சு.

மறுநா திங்கக்கெழம. மணி பதினொண்ணு ஆச்சு. போனு வரல. பதினொண்ணரை. பன்னெண்டு. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு...

நான் விழுந்தது பூங்கொடிக்குத் தெரியாது!

தை மாசம் அவ மகனுக்குப் பன்னெண்டாவது பரீட்சை நெருங்குன நேரம். கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவாளேன்னு, 'சளிடி, வேற ஒண்ணும் இல்ல'ன்னே மூணு வாரத்த ஓட்டுனேன். செல்வியையும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சவளே நான்தான். அந்த வீங்குன காலத்தான் இப்ப இங்கிலீஷுல எழுதி, நாப்பது பேரு பாக்க வச்சு, பத்து மார்க்குக்குக் குடுத்துருக்கேன்.

செவ்வா... போனு இல்ல. நானே பண்ணுனேன். எடுக்கல. பொதன்... இல்ல. மறுபடியும் எட்டு மாசம்னா தாங்குறதுக்கு இப்ப எனக்கு வயசு இல்ல.

"அழிச்சுரவா அத்தே?"ன்னா செல்வி.

"அழிச்சா மார்க்கு?"

"போயிரும்."

ரெண்டு பேரும் அந்தப் போனையே பாத்துக்கிட்டு ஒக்காந்துருந்தோம். அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரல. அழிக்காதன்னு சொல்லவும் வரல.

வெசாழக்கெழம மார்க்கு வந்துச்சு. செல்விக்குப் பத்துக்கு ஒம்போது. மேடம் பாராட்டி வேற எழுதியிருந்தாக. இனிமே பரீட்சை எழுதலாம், பள்ளிக்கூடத்துக்குக் காட்டலாம். சந்தோசப்பட வேண்டியதுதானே? ஒம்போது மார்க்க வச்சுக்கிட்டு எழவு வீடு மாதிரி ஒக்காந்துருந்தோம்.

வெள்ளிக்கெழம காலையில வாசல்ல செருப்புச் சத்தம். பூங்கொடி. ஒரு கையில பை, இன்னொரு கையில நோட்டு. சாக்கோட்டைக்கும் எங்க வீட்டுக்கும் டவுன் பஸ்ஸுல அரை மணி நேரம் இருக்குமா? தெனம் பேசுறவ, வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. வந்தவ, வாங்கன்னு சொல்றதுக்குள்ள கேட்டா.

"எந்தக் காலு?"

"வலது..."

கீழ ஒக்காந்து சேலையக் கொஞ்சம் ஒதுக்கி, பெருவெரலால அமுக்கிப் பாத்தா.

"இப்ப வீக்கமெல்லாம் இல்லடி."

"ஒன்னையக் கேக்கல. மதினி, வீக்கம் இருக்கா இல்லையா?"

"சாயந்தரமானா இருக்கு பூங்கொடி."

யாத்தே... காட்டிக் குடுத்துட்டாளே! பேச்சு நின்னுருமே, பேச்சு நின்னுருமேன்னு இவளுக ரெண்டு பேர நெனச்சுத்தான் நாலு நாளு நான் சோறு எறங்காமக் கெடந்தேன். கடைசியில பேச்சு நின்னது எங்கூட மட்டும்தான்!

"மதினி மேல எனக்கு என்னா கோவம்? அவுக இல்லாததையா எழுதுனாக?"ன்னா பூங்கொடி. "நீ மூணு வாரமும் சளின்னு சொன்ன. நானும் கிறுக்கி மாதிரி ஆவி பிடிம்மா, ஆவி பிடிம்மான்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். கொரல வச்சே சொல்லிருவேன்னு கிளாஸ்ல வேற எழுதுனேனே..." அதுக்கு மேல அவளால பேச முடியல. எங்காலப் பிடிச்சுக்கிட்டே அழுதா.

அவ தலையத் தடவி விட்டேன். அது அடிக்கடி நடக்குற விசயம் இல்லன்னு ஒங்களுக்கே தெரியும். "சரிடி, காலு பொய் சொல்லல, நான்தான் சொன்னேன், தப்புத்தான்"னேன். மூக்கச் சிந்திக்கிட்டே சிரிச்சா.

சரி, முடிஞ்சதுன்னுதானே நெனப்பீக? நானும் அப்புடித்தான் நெனச்சேன்.

அந்த நோட்டு எதுக்குன்னு கேட்டேன். பூங்கொடிக்கு அஞ்சு மார்க்குத்தானாம். 'பாசம் தெரியுது, ஆதாரம் தெரியல. செல்விக்குப் பதில் எழுதுனா மார்க் கூடும்'னு மேடம் எழுதியிருக்காக. ஆதாரம் எடுக்கத்தான் நோட்டு!

ரெண்டு பேரும் அடுப்படியில ஒக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சாளுக.

"மதினி, ஒங்க கருத்த மதிக்கிறேன். ஆனா அவுக வையுறது வலியிலதான்னு சொல்றத ஒத்துக்க முடியல. காலு நல்லா இருந்த காலத்துலயும் எங்கள இப்புடித்தான் வஞ்சாக. அது அவுக கொணம்."

"நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு பூங்கொடி. இருந்தாலும், தை மாசத்துக்குப் பெறகு வசவு கூடியிருக்கு. அதுக்கு நான் ஆதாரம் தாரேன்."

"குடுங்க, எழுதிக்கிறேன்."

கேட்டீகளா இந்தக் கூத்த? என்னைய உசுரோட நடு வீட்டுல ஒக்கார வச்சுக்கிட்டு! எவ்வளவு மரியாதை... எவ்வளவு பண்பு... நான் எங்க ஒளிச்சு வச்சு முறுக்குத் திங்கிறேங்குறது வரைக்கும் ஆதாரம் போயிருச்சு. ஒழுங்காச் சண்ட போட்டாலாவது நடுவுல நொழைஞ்சு ரெண்டு பேரையும் நாலு வார்த்த வையலாம். இதுல எங்கிட்டு நொழைய? ஒரு மணி நேரத்துல தீர்ப்பு வேற சொல்லிட்டாளுக. இனிமே பதினோரு மணிப் பேச்சு செல்லாதாம். சாயந்தரம் ஆறு மணிக்கு வீடியோ காலாம். மொகத்தக் காட்ட வேணாமாம், காலக் காட்டணுமாம். போனப் பிடிக்கிறது செல்வி. ஞாயித்துக்கெழமையானா பூங்கொடி நேர்ல வந்து சரி பாப்பாளாம்.

அந்த மேடம் மட்டும் எங்கையில கெடைக்கட்டும்... வாரத்துக்கு ஒரு நா எம் மகள வீட்டுக்கு அனுப்பி வச்சதுக்கு ஒரு காப்பியக் குடுத்துட்டு, பெறகு நல்லா வைவேன்.

சாப்பாடெல்லாம் முடிஞ்சு பஸ்ஸுக்குக் கெளம்புறப்ப, வாசல்ல நின்னு பூங்கொடி கேட்டா. "சரிம்மா, நீயே சொல்லிரு. யாருக்குத்தான் பாசம் அதிகம்? எனக்கா, மதினிக்கா?" செல்வியும் எலையத் தூக்கிப் போட வந்தவ, அப்புடியே நின்னுட்டா.

"நான் ஒங்க கிளாஸுல சேரல. எனக்கு மார்க்கும் வேணாம். பஸ்ஸு வருது, ஓடு"ன்னேன்.

நெசமான பதிலு என்னான்னு நீங்களும் கேப்பீக... நல்லா இருக்கே கத! இந்தப் பக்கத்த அவளுக ரெண்டு பேரும் வாராவாரம் படிக்கிறாளுக.